பூட்டிய பீரோவும் கரைப்பக்கத்துப் பிள்ளையும்: காஞ்சிபுரத்தில் குழந்தைப் புத்தகத்தின் பொழுது

1

எழுபதுகளின் கடைசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நின்ற ஓர் இரும்பு பீரோ. கண்ணாடி வைத்த கதவு. உள்ளே இருந்த புத்தகங்களின் முதுகு மட்டும் வெளியே தெரியும். பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் மேல்தட்டில் கசங்காமல் நின்றன. கீழ்த்தட்டில் அழ. வள்ளியப்பாவின் பாட்டுப் புத்தகங்கள், தலைவர்கள் வாழ்க்கை வரலாறுகள், மாஸ்கோவிலிருந்து வந்த வழவழப்பான படப் புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். "தொலைஞ்சா யாருடா கட்டறது? என் சம்பளத்துலதான் புடிப்பாங்க" என்றார் வாத்தியார். அவர் கெட்டவரல்ல. சொன்னது பொய்யுமல்ல. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆண்டுத் தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அதே வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எழுந்துகொள்வான். "தறிக்குப் போவணும் சார்." வாத்தியார் தலையை மட்டும் ஆட்டுவார். அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவருக்கும் கேட்கத் தேவையில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் கேட்பதில்லை.

பூட்டிய பீரோ ஒரு குறை, பாதி நாளில் எழுந்து போன பையன் வேறொரு குறை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னது கல்வித்துறைச் சமாச்சாரம், பின்னது வறுமைச் சமாச்சாரம். நம் பொதுப்புத்தியும் இரண்டையும் தனித்தனி அலமாரியில்தான் வைக்கிறது. இவை ஒரே வரலாற்றின் இரண்டு முகங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். குழந்தைப் புத்தகம் என்கிற பண்டம் தனக்கு முன்பாகவே ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அது எழுத்தறிவு மட்டுமல்ல, பொழுது. குழந்தைக்கென்று சொந்தமான, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத பொழுது. காஞ்சிபுரத்தில் அந்தப் பொழுது யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று கேட்காமல், அங்கே குழந்தைப் புத்தகத்தின் வரலாற்றை எழுத முடியாது.

2

குழந்தைப் பருவம் என்பது இயற்கை தந்ததல்ல, வரலாறு உருவாக்கியது என்று பிரெஞ்சு வரலாற்றாளர் பிலிப் ஆரியே 1960இல் வாதிட்டார். இடைக்கால ஐரோப்பாவில் பிள்ளைகள் சின்ன உருவத்துப் பெரியவர்களாகவே நடத்தப்பட்டார்கள் என்றும், பள்ளிக்கூடமும் நடுத்தர வர்க்கக் குடும்பமும் சேர்ந்தே 'குழந்தை' என்ற தனி உயிரை வளர்த்தெடுத்தன என்றும் சொன்னார். அவரது சான்றுகளைப் பலர் மறுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது: எல்லாப் பிள்ளைகளும் ஒரே காலத்தில் 'குழந்தை' ஆனார்களா?

காஞ்சி இக்கேள்விக்குத் தோதான ஊர். கல்விக்குக் கரையே இல்லாத ஊர் என்று அப்பர் அதைப் புகழ்ந்தார். கடம்ப மரபைத் தொடங்கிய மயூரசர்மன் படிப்பதற்காகக் காஞ்சியின் கடிகைக்கு வந்த செய்தியைத் தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இங்கே வந்தார். நம் ஊர்ப் பெருமைக் கதையாடல்கள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. ஆனால் கடிகை வேதம் ஓதுவோருக்கானது. அந்தப் பெருமைக்கும் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிக்கும் இடையே பல நூற்றாண்டு தூரம் மட்டுமல்ல, சாதியின் தூரமும் இருக்கிறது. அப்பர் சொன்ன கரை கடலின் கரை. தறிக்காரர் வீட்டில் கரை என்றால் சேலையின் கரை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது இரண்டாவது கரை.

கடிகைக்கு வெளியே திண்ணைப் பள்ளிகள் இருந்தன. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிகளின் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்தக் கணக்கை தரம்பால் 1983இல் விரிவாக வெளியிட்ட பிறகு ஒரு பெரிய விவாதம் நடந்தது. தமிழ்ப் பகுதிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாத சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பது அதில் வெளிப்பட்ட முக்கியமான செய்தி. அதை வைத்துக்கொண்டு பழைய பொற்காலம் ஒன்றைக் கட்டிவிட முடியாது. பெண் குழந்தைகளும் தீண்டாமைக்கு ஆளான சாதிப் பிள்ளைகளும் அக்கணக்கில் ஏறக்குறைய இல்லை.

நமக்கு வேண்டியது வேறொரு செய்தி. திண்ணைப் பள்ளியில் புத்தகம் கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதியது. கை படிந்த பிறகு ஓலையில் எழுத்தாணியால் எழுதியது. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி எல்லாம் ஒவ்வொரு பிள்ளையும் தானே படியெடுத்துக்கொண்ட சுவடிகள். பிள்ளையின் புத்தகம் பிள்ளையின் கைவேலை. மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுப்பதும் வழக்கம். 1789இல் எழும்பூர் அனாதை ஆசிரமப் பள்ளிக்கு வந்த ஆண்ட்ரு பெல், நாட்டுப் பள்ளியில் மணலில் எழுதிய பிள்ளைகளைப் பார்த்து அம்முறையைக் கைக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசான் என்ற ஏற்பாட்டையும் சேர்த்து 'மதராஸ் முறை' என்ற பெயரில் 1797இல் லண்டனில் அச்சிட்டார். அங்கே ஏழைப் பிள்ளைகளைச் செலவில்லாமல் படிக்கவைக்கும் இயந்திரமாக அது மாறியது. கற்றல் சாதனத்தின் வரலாறு மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டும் வந்ததல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

திண்ணையில் கதைப் புத்தகம் இல்லை. வேடிக்கைக்காக வாசிப்பது என்ற கருத்தே அங்கில்லை. கதை பாட்டியிடமும் தெருக்கூத்திலும் இருந்தது. காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் பத்து நாள், பதினெட்டு நாள் நடக்கும் பாரதக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கதைப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. எழுத்து வேறு, கதை வேறு என்று இருந்த நிலை அது. இரண்டையும் ஒட்டவைத்தது அச்சு.

3

அச்சோடு பள்ளிக்குள் நுழைந்தவை பாடப் புத்தகங்கள். சென்னைப் பள்ளிப் புத்தகச் சங்கம் 1820இல் தோன்றியது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கி, 1839இல் காஞ்சிபுரத்தில் கிளை திறந்தார். சென்னைப் பள்ளியில் தலித் மாணவர்களைச் சேர்த்ததற்காகச் சாதி இந்துப் பிள்ளைகள் கூட்டமாக வெளியேறினார்கள். ஒரே பெஞ்சு என்பது ஒரே புத்தகம் என்பதைவிடக் கஷ்டமான விஷயமாக இருந்தது. 1858இல் தோன்றிய கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் ஜான் மர்டாக் பள்ளிப் புத்தகங்களைப் பெருமளவில் கொண்டுவந்தார். 1865இல் தமிழ் அச்சு நூல்களின் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார். இந்தப் புத்தகங்களின் குழந்தை திருத்தப்பட வேண்டிய குழந்தை. கதை வந்தாலும் நீதிக்கு வண்டியாகவே வந்தது.

குழந்தையின் மகிழ்ச்சிக்காகவே எழுதுவது என்ற எண்ணம் தமிழில் வலுப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். கவிமணியின் பாடல்கள், 1947 ஜூலையில் வந்த அம்புலிமாமா, 1950இல் தொடங்கிய கண்ணன், அதே ஆண்டில் உருவான குழந்தை எழுத்தாளர் சங்கம், அதற்காகத் தன் வாழ்நாளைச் செலவிட்ட வள்ளியப்பா என்று ஒரு எழுச்சியே நடந்தது. 1957இல் தில்லியில் சங்கர் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கினார்; நேஷனல் புக் டிரஸ்டும் அதே ஆண்டில் வந்தது. 1968இல் தொடங்கி 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. இந்திய மொழிகளில் இது எளிய காரியமல்ல. என்.சி.பி.எச். கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைத்த சோவியத் படப் புத்தகங்களும், 1991இல் அந்நாடே இல்லாமல் போகும் வரையில், தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பனியையும் கரடியையும் அறிமுகப்படுத்தின.

இவர்களின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இப்பிரதிகள் யாரை வாசகனாக எதிர்பார்த்தன என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, கை கால் கழுவி, ஏதாவது தின்றுவிட்டு, திண்ணையில் சாய்ந்து படிக்கிற பிள்ளை. அப்பா மாதச் சம்பளக்காரர். வீடு என்பது ஓய்வின் இடம், பள்ளி என்பது வேலையின் இடம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது தலைகீழ். அவனுக்கு வீடுதான் வேலைத்தலம். பள்ளியில் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் ஓய்வு.

ஏழைப் பிள்ளைக்கு இந்தப் புத்தகங்களில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தலைவர்கள் வரலாற்றில் அவன் இருக்கிறான். தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்து உயர்நீதிமன்ற நீதிபதியான முத்துசாமி ஐயரின் கதையை நம்மில் கேட்காதவர் யார்? ஸ்காட்லாந்திலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. பத்து வயதில் பஞ்சாலைக்குப் போன டேவிட் லிவிங்ஸ்டன், நூற்பு இயந்திரத்தின் மேல் புத்தகத்தை விரித்துவைத்து, போகிற வருகிற போதெல்லாம் ஒரு வரி படித்தார். முதல் வாரச் சம்பளத்தில் லத்தீன் இலக்கணம் வாங்கினார். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு நிஜம். அதை மறுபடி மறுபடி சொல்லும் கதையாடலின் வேலை வேறு. விளக்கில்லாத வீட்டைப் பற்றியோ பத்து வயதில் ஆலைக்கு அனுப்பிய ஏற்பாட்டைப் பற்றியோ அது வாய் திறப்பதில்லை. 'அவன் படிக்கலையா? நீ ஏன் படிக்கல?' என்று மிச்சமிருக்கும் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறது. பொழுதில்லாமையைக் குற்றமாக்கி, குற்றத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கிற கருத்தியல் இது.

4

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை தனிப் பெருமை உடையது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம், இரண்டும் நெசவிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடா தேவை. ஒருவர் தனியாக நெய்வது கடினம். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர். கரைப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு பிள்ளையாக இருந்தார். சொந்தப் பிள்ளை இல்லாத இடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை, சுற்றுக் கிராமத்திலிருந்து வந்த ஏழைப் பிள்ளை. அதற்காகப் பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் தீரும் வரை பிள்ளை வரும். கூலி குறைவு, முன்பணம் தீராது. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் முக்கியமான களம்.

தறியில் அறிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜக்கார்ட் பெட்டியில் ஓடுகிற அட்டைகளைப் பாருங்கள். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் தங்கும். வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக எழுதிய புட்டா அட்டைத் துளையாகி, அட்டை வரிசையாகக் கோத்துத் தொங்கி, அன்னமும் மயிலும் ஆகிறது. ஜக்கார்ட் 1804இல் செய்த இந்த ஏற்பாடுதான் பின்னால் கணிப்பொறிச் சிந்தனைக்கு ஒரு முன்மாதிரி ஆனது. ஆனால் கரைப்பக்கத்துப் பிள்ளைக்கு அந்த அட்டையை வாசிக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவனுடைய வேலை நாடாவைத் தள்ளுவது. அவன் தறியின் வாசகனல்ல, தறியின் உறுப்பு.

இங்கே ஒரு பழைய வாதத்தைச் சந்திக்க வேண்டும். கைத்தொழிலும் கல்விதானே, தறியும் ஒரு கற்றல் சாதனம்தானே? காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டது. ஆனால் அவர் கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொன்னார். எந்தச் சாதிப் பிள்ளையும் நூற்க வேண்டும் என்றார். 1953இல் முதல்வராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த திட்டம் திசையை மாற்றியது. பள்ளி நேரம் ஒரு வேளை, மூன்று மணி. மீதிப் பொழுதில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கட்டும். இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியரைக் கொண்டும் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டித் திராவிட இயக்கம் அதை எதிர்த்தது. எதிர்த்தவர்களில் முன்னின்ற அண்ணாதுரை காஞ்சிபுரத்தில், நெசவுத் தொழிலுக்குப் பேர்போன செங்குந்தர் சமூகத்தில் பிறந்தவர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார்; காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தத் திட்டம் கிராமப்புறப் பள்ளிகளுக்கானது. காஞ்சிபுரம் அப்போதே நகராட்சி. ஆக, சட்டப்படி அது இந்த ஊருக்குள் வரவேயில்லை. ஆனால் மத்தியானம் எழுந்து போன என் வகுப்புப் பையன் இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் அதே திட்டத்தைத்தான் நடத்திக்காட்டிக்கொண்டிருந்தான். அரசாணை வேண்டியிருக்கவில்லை. அரசாணையை ரத்துசெய்ததால் அது நிற்கவுமில்லை.

சட்டமும் அவனுக்கு உதவவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைத் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. கூடவே ஒரு விதிவிலக்கும் வைத்தது: குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. சிவகாசியில் தொழிற்சாலை வாசல் இருந்தது. அங்கே போய் நின்று எண்ணலாம். உச்சநீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சிவகாசி வழக்கிலிருந்து வந்ததுதான். காஞ்சியில் தொழிற்சாலை என்பது வீடு. வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை யார் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் குடும்பம்தான். 2016இல் செய்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரின் வேலையை முற்றிலும் தடைசெய்தது. ஆனால் அதிலும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றொரு வாசல் திறந்தே இருக்கிறது. அதாவது பள்ளி மணி அடித்த பிறகான பொழுது குழந்தையுடையதல்ல, குடும்பத்தினுடையது என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. கதைப் புத்தகம் வாசிக்கிற பொழுதும் அதுதான்.

5

இனி பீரோவுக்குத் திரும்பலாம். 1987இல் மத்திய அரசு கொண்டுவந்த கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கூடவே படங்கள், கணக்குப் பெட்டி, விளையாட்டுச் சாமான், நூலகப் புத்தகம் என்று ஒரு பட்டியல் தந்தது. நல்ல பட்டியல். பொருள்கள் வந்தன. பல பள்ளிகளில் வந்த பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது. பிரித்த இடத்தில் பூட்டப்பட்டது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம், நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்கள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கதைப் புத்தகம் என்ற சொல் சட்டத்தில் ஏறியது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த வாசகத்தில் நூலகர் இல்லை, நூலக நேரம் இல்லை, பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகும் உரிமை இல்லை. 'இருக்க வேண்டும்' என்பதோடு முடிகிறது. பீரோவுக்குள் இருந்தாலும் இருப்பதுதானே.

நம் மண்ணில் நூலகத்தைப் பற்றி ஆழமாக யோசித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அச்சான அவரது ஐந்து விதிகள் உலகமெங்கும் நூலகப் பாடத்தின் அரிச்சுவடி. புத்தகம் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. இதை விளக்கும்போது, ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்த கதையை அவர் சொல்கிறார். நம் பள்ளிகளில் சங்கிலி இல்லை, இருப்புப் பதிவேடு இருக்கிறது. இரும்புச் சங்கிலியைவிட அது உறுதியானது. ஏனெனில் அது புத்தகத்தைக் கட்டவில்லை, வாத்தியாரைக் கட்டுகிறது. தேய்ந்த கரும்பலகையைக் கழித்துக் கணக்கு எழுதலாம். படித்துப் படித்துக் கிழிந்த புத்தகத்தை வெற்றியாக எழுத அப்பதிவேட்டில் கட்டமில்லை.

நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நூலகத் துறையில் இதற்கு அர்த்தம், வருகிறவர் தேடும் புத்தகம் சீக்கிரம் கையில் கிடைக்க வேண்டும் என்பது. அட்டவணை, வரிசை, திறந்த அலமாரி எல்லாம் அதற்காகவே. காஞ்சிபுரத்தில் அந்த விதியை வைத்துப் படித்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. இங்கே வாசகரின் நேரத்தைத் தேடலிலிருந்து மட்டுமல்ல, தறியிலிருந்தும் காப்பாற்ற வேண்டும். ரங்கநாதன் நினைத்த வாசகர் நூலக வாசல் வரை வந்துவிட்டவர். நம்முடைய பிள்ளை வாசலுக்கே வரவில்லை.

1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியையும் வாங்க வழிசெய்தது. தறிக்குழி உள்ள வீட்டின் வரியிலும் அது சேர்ந்தே போகிறது. ஆனால் அச்சட்டத்தின் எல்லைக்குள் பள்ளி நூலகம் வராது. பொது நூலகம் நூலகத் துறைக்கு, பள்ளி பீரோ கல்வித் துறைக்கு, பிள்ளையின் வேலை தொழிலாளர் துறைக்கு. ஒரே பிள்ளை மூன்று துறைகளின் கோப்புகளில் மூன்று பேராக இருக்கிறான்.

6

இந்த வரலாற்றில் மாறியவையும் உண்டு. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மூலம் நடத்திய இண்டஸ் திட்டம், 2000களின் தொடக்கத்தில் தமிழகத்தில் எடுத்துக்கொண்ட ஐந்து மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. தறியிலிருந்து பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். சத்துணவு ஏற்கெனவே தன் வேலையைச் செய்திருந்தது. பட்டுத் தொழிலின் நலிவும் தன் பங்கைச் செய்தது. நெசவாளர் வீட்டு இளைஞர்கள் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

பள்ளிக்குள் நடந்த மாற்றங்களில் முக்கியமானது 2007இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவிய செயல்வழிக் கற்றல். அதன் குறைகளைப் பற்றி ஆசிரியர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அட்டைகள் கிழிந்தன, பதிவுச் சுமை ஏறியது, ஓராசிரியர் பள்ளியில் திணறல். அவ்வளவும் நியாயமே. ஆனாலும் அது ஒரு காரியத்தைச் செய்தது. கற்றல் சாதனத்தைப் பூட்டிலிருந்து எடுத்துப் பிள்ளையின் கை எட்டும் தட்டில் வைத்தது. கரும்பலகையைச் சுவரில் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கியது. தனக்கு வேண்டிய அட்டையைத் தானே போய் எடுக்கிற பிள்ளையை நம் அரசுப் பள்ளி முதன்முறையாகப் பெருவாரியாகப் பார்த்தது. தறியின் அட்டையைப் பிள்ளை வாசிக்கவில்லை. இந்த அட்டையை வாசித்தது.

2023இல் பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. சில பக்கங்களே கொண்ட சிறு நூல்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகள். புத்தகத்தின் கனத்தைக் குறைத்ததில் ஒரு அரசியல் தெளிவு இருக்கிறது. ஒரே உட்காரலில் முடிகிற புத்தகம், பொழுதில்லாத பிள்ளைக்கான புத்தகம். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் அளவில் இல்லை. யாரை மனதில் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

எச்சரிக்கையும் தேவை. இன்று தறியின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. மாலை ட்யூஷன், பரீட்சை, நுழைவுத் தேர்வுப் பயிற்சி. நூலகப் பாடவேளை என்று கால அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கும். "போர்ஷன் முடியல" என்று கணக்கு வாத்தியார் அதில் நுழைந்துவிடுவார். தகப்பன் தொழிலுக்காகப் பறிக்கப்பட்ட பொழுது இப்போது எதிர்காலத் தொழிலுக்காகப் பறிக்கப்படுகிறது. குடும்பக் கடன் என்ற வாதம் போய் குடும்பக் கனவு என்ற வாதம் வந்திருக்கிறது. இரண்டிலும் பிள்ளையின் சாயங்காலம் பிள்ளையுடையதல்ல.

ஆகவே பள்ளி நூலகத்தை மதிப்பிட எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பயனில்லை. மூன்று கேள்விகள் போதும். சாவி யாரிடம்? கிழிந்த புத்தகத்துக்கு யார் பொறுப்பு? வாசிக்கும் நேரம் பள்ளி மணிக்கு உள்ளேயா, வெளியேயா? கடைசிக் கேள்வி காஞ்சி போன்ற தொழில் ஊர்களுக்கு உயிர்க் கேள்வி. மணிக்கு வெளியே இருக்கும் பொழுதைச் சட்டம் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டபடியால், மணிக்கு உள்ளே ஒரு மணி நேரத்தையாவது பிள்ளைக்குக் கொடுப்பது பள்ளியின் கடமை. பரீட்சை வைக்காத, கட்டுரை எழுதச் சொல்லாத, 'இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?' என்று கேட்காத ஒரு மணி நேரம்.

குஜராத்தின் கிஜுபாய் பதேகா தன் 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியரை ஒரு காரியம் செய்யவைக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடப் புத்தகத்தை வாங்குவதற்குப் பதிலாக, அந்தக் காசைச் சேர்த்து வெவ்வேறு புத்தகம் வாங்கி வகுப்பிலேயே நூலகம் வைக்கிறார் அவர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்த வகுப்பில் பீரோ இல்லை. அதனால் சாவியும் இல்லை.

என் பக்கத்து பெஞ்சுப் பையனை இடையில் ஒருதரம் ஊரில் பார்த்தேன். அவனே தறியை விட்டு வெகுகாலம் ஆகிறது. பேச்சுவாக்கில் அந்தப் பீரோவைப் பற்றிச் சொன்னேன். "அது லைப்ரரியா? நான் ரெக்கார்டு பீரோன்னு இல்ல நினைச்சேன்" என்றான். எட்டாவது வரை அந்தப் பள்ளியில் படித்தவன் அவன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முதுகுகளை நானாவது எண்ணிக்கொண்டிருந்தேன். அவனுக்கு நின்று எண்ணுவதற்கும் பொழுது இருந்ததில்லை.